எடுக்கக்கூடாத போன்

எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஆயுசு முழுக்க நர்ஸாக வேலை பார்த்தவள் நான். போடியில் பாதிப் பேருக்கு ஊசி போட்டிருக்கிறேன், மீதிப் பேரைத் திட்டியிருக்கிறேன். இப்போதும் கடைத்தெருவில் யாராவது ஒரு மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வணக்கம் சிஸ்டர்" என்று ஒதுங்கி நிற்பார். எந்தக் காலத்தில் எந்த வார்டில் அவரை அதட்டினேனோ, எனக்கு நினைவிருக்காது. அவருக்கு இருக்கும்.

ரிடையரான பிறகு அந்த அதட்டலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், ஆகையால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். தம்பி குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் பகல் முழுக்க அப்படியே மிச்சமிருக்கும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்திருப்பேன். யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்ட மாதிரி இருக்கும். எழுந்து வாசலுக்குப் போனால் தெருவில் ஏலக்காய் வாசனை மட்டும் நின்றுகொண்டிருக்கும். இரண்டு வீடு தள்ளி ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோன். இனி நான் யாருக்கும் வேண்டாதவள் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம். சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போதுதான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காலையில் விழுந்தவளை மத்தியானம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சத்தம் கேட்டு, தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கி உட்கார வைத்தார். எலும்பு முறியவில்லை, முட்டி மட்டும் வீங்கிக் கொஞ்ச நாள் படுத்தியது. தெருவே அதைக் கதையாகப் பேசியது. "பாவம், சிஸ்டர்" என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பாவமாம், பாவம்!

நடக்க முடிந்ததும் முட்டிவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஊர்க் காரியம் என்றால் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டக்குடி ஆற்றங்கரையைச் சுத்தம் செய்கிற கூட்டமும், ரத்தம் கொடுக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கிற கூட்டமும் அவர் சேர்த்தவைதான். மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு சோலி இருக்கு. உங்களை மாதிரி ஆளுதான் செய்ய முடியும்."

அந்த ஒரு சொல்லுக்கு என் காது குளிர்ந்துவிட்டது. முட்டிவலி போன இடம் தெரியவில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றில், காய் உலர்த்துகிற கட்டடத்தைக் காவல் பார்த்துக்கொண்டு ஒரு பெண் தனியாக இருக்கிறாளாம். அந்தக் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். காய் எடுக்கிற மாதங்களில் ஆள் நடமாட்டம் உண்டு, மற்ற நாளில் அவளும் மழையும்தான். பிரஷர் மாத்திரையை இவர்தான் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறார்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுக்கா. தெனம் சாயங்காலம் அவுக உங்க போனுக்கு ரெண்டு ரிங்கு விட்டுக் கட் பண்ணுவாக. நீங்க திருப்பி ரெண்டு ரிங்கு விடுங்க. அம்புட்டுத்தான். எடுத்துரக் கூடாது."

"ஏன்ய்யா, எடுத்துப் பேசுனா வாய் தேஞ்சா போயிரும்?"

"அங்க ஒரே ஒரு பாறை மேலதான் சிக்னலு. பேசுனா அறுந்து அறுந்து கேக்கும், ரிங்கு மட்டும் சுத்தமாப் போகும். அவுக போன்ல காசும் போட மாட்டாக. எடுத்தா ஏதோ ஆபத்துன்னு வச்சுக்குவோம்." அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்குக்கா. இப்படி ஒத்தையில இருக்கறவுககிட்ட மொதல்ல பேசச் சொல்லித்தான் ஆள் போட்டேன். ஒரு மாசங்கூடத் தாங்கல. கதை கேட்டு, அழுகை கேட்டு, நான் போட்ட ஆளுகளே நம்பரை பிளாக் பண்ணிட்டாக. ஒரு நாளைக் குடுன்னா இப்ப யாரும் குடுக்க மாட்டாக. ரெண்டு ரிங்கு குடுன்னா வருசம் முழுக்கக் குடுப்பாக."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஜீப் டிரைவர், ஏலக்காய்த் தரகர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், டியூஷன் எடுக்கிற டீச்சர் என்று எல்லாரும் பிழைப்பு உள்ளவர்கள். முன்பெல்லாம் கண்மாய் வேலை என்றால் தண்டோரா போட்டு வீட்டுக்கு ஒரு ஆள் வரச் சொல்வார்கள், வராத வீட்டுக்கு அபராதம் உண்டு. இவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, தாமாகவே வருகிறார்கள். வராமல் இருக்க நினைத்தாலும் தாமாகவே நின்றுவிடுவார்கள். வந்ததும் ஒரே நிறத்தில் பனியன் போட்டுப் போட்டோ எடுப்பார்கள், அப்புறம்தான் துடைப்பம் கையில் ஏறும். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொல்லி எனக்கும் ஒரு பனியன் தந்தார்கள். "அதை வச்சு சைக்கிளைத் தொடைங்கப்பா" என்றேன். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. அவர்கள் கூட்டி முடித்த பிறகு ஆற்றங்கரையில் உட்கார இடமிருக்கும்.

என் வேலைக்குப் பனியனும் இல்லை, போட்டோவும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவள் பெயரை மருந்துக்கடைக்காரர் சொன்னார். நான் போனில் 'மலை' என்று போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் மட்டும் போக மனமில்லாமல் ஊருக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில்தான் தோட்டத்து ஜீப்புகள் இறங்கி வரும். பெண்கள் தூக்குவாளியும் பையுமாக முக்குக்கு முக்கு இறங்கிக்கொள்வார்கள். நான் முகம் கழுவி, தலை வாரி, போனை மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்துகொள்வேன். டியூட்டிக்கு உட்கார்ந்த மாதிரியேதான். போன் இரண்டு முறை அடித்து நிற்கும். திரையில் 'மலை' என்று எழுந்து அணையும். நான் திருப்பி இரண்டு ரிங்கு விடுவேன். அதற்குள் அந்த மிச்ச வெளிச்சமும் போயிருக்கும்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பாறை மேல் ஏறுவது தெரியும். ஒரு கையால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மறு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள்ளிருந்து அவள் மேலே வருவாள். சித்திரையில் இலவங்காய்கள் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கையில், அந்தப் பஞ்சு மலையிலிருந்து அவள் ஊதிவிட்டது என்று பாதித் தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன். காய் எடுக்கிற மாதங்களில் ரிங்கு கொஞ்சம் தாமதமாக வரும். ஸ்டோரில் அடுப்பு எரிகிறது, புகைக்குள் நிற்கிறாள் என்று எனக்குப் புரியும். சில நாள் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் நான் அங்கே போய்விட்டே வருவேன். ஈர மண் வாசனையும் ஏலச்செடி இலை உரசுகிற சத்தமும் அப்படியே இருக்கும். கண்ணைத் திறந்தால் என் மேஜை, என் சுவர்க் கடிகாரம்.

கல்யாண வீடுகளில் பொழுது சாய்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன். "இருந்து சாப்பிட்டுப் போங்க சிஸ்டர்" என்றால், "டியூட்டி இருக்கு" என்பேன். அதைச் சொல்கையில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மலைமேல் ஒரு உசுரு என் பொறுப்பில் இருந்தது. நான் இல்லாவிட்டால் அவள் இல்லை என்று நெசமாகவே நம்பினேன்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை, அதோடு காற்று. ஒரு சாயங்காலம் முகம் கழுவி உட்கார்ந்தேன். வெளிச்சம் போயிற்று, ஜீப்புகள் போயின, போன் மட்டும் அடிக்கவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். அவளைத் திட்டினேன். மறுநாள் சாயங்காலமும் அதே குரல்தான், அதே பொறுமைதான்.

மருந்துக்கடைக்குப் போய் நின்றேன்.

"மேல டவர் போயிருக்கும்க்கா. கரண்டு இல்ல. ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார்.

"வராட்டி?"

"ஜீப்பு போனதும் கேட்டுச் சொல்றேன். மண்ணு சரிஞ்சு கெடக்காம்ல, இன்னைக்கு ஜீப்பு ஏறல."

"பாறையில வழுக்கி விழுந்து கெடந்தான்னா? உன் டவரு வந்து தூக்குமா?"

"அக்கா, நீங்க முட்டிய வச்சுக்கிட்டு..."

"என் முட்டியப் பத்திப் பேசுன, நடக்கறதே வேற!"

மறுநாள் காலையில் பிரஷர் பார்க்கிற கருவி, பஞ்சு, கட்டுத்துணி, மருந்து எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு குரங்கணி பஸ்சில் ஏறிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. போகாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. முந்தல் தாண்டி ரோடு பிரிந்ததும் மேகம் பஸ்சுக்குள் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு ஒன்று தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது, திடீரென்று நனைந்த பாறை ஒன்று பக்கத்தில் வந்து போகும். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். எனக்குக் கண் சொக்கியது. பாறை மேல் கிடக்கிற ஒரு பெண்ணைத் தூக்குகிறேன், அவளுக்கு முகமே இல்லை, "சிஸ்டர்" என்கிறாள். திடுக்கிட்டு விழித்தபோது குரங்கணி வந்திருந்தது.

ஜீப்புகள் வரிசையாக நின்றன, ஒன்றும் மேலே போகவில்லை. மண்ணை அள்ளி முடித்தால்தான் கிளம்புவார்களாம். நடந்து ஏறலாமா என்று பாதையைப் பார்த்தேன். பாதை நாலு எட்டு ஏறி மேகத்துக்குள் போயிற்று. என் முட்டி அப்போதே பதில் சொல்லிவிட்டது. டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் கேட்காமலே ஒரு டீயை நீட்டினார்.

அந்த மேகத்துக்குள்ளிருந்துதான் ஒரு பெண் இறங்கி வந்தாள். தலையிலிருந்து முதுகு வரைக்கும் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அம்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கோடாக வழிந்து மழைநீரில் கரைந்திருந்தது. கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணே, போடி பஸ்சு எப்ப?"

"இந்தா நிக்குதே, டீ குடிச்சதும் எடுத்துருவாக."

அவள் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதைப் பிரித்து, உள்ளே துணியைப் பிரித்து, சின்ன பட்டன் போனை வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். எதையோ அழுத்திக் காதில் வைத்தாள்.

என் மடியில் இருந்த பைக்குள் போன் அடித்தது. இரண்டு முறை அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தேன், 'மலை' அணைந்துகொண்டிருந்தது. என் விரல் என்னைக் கேட்கவில்லை, பழகிய பழக்கம், அதுவாகவே திருப்பி அழுத்தியது. அவள் கையில் இருந்த போன் அடித்தது. இரண்டாவது ரிங்கில் நான் நிறுத்தினேன். அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மேகம் கடைக்குள் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. இதையும் கனவில்தான் பார்க்கிறேன் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நீ நன்றாக இருக்கிறாயா தாயி என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நர்சக்காதான? நல்லா இருக்கீகளா? ஆத்தாடி, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சே! ரெண்டு நாளா எம்போன்ல ஒரு கோடுங்கூடக் காட்டல. எங்கிட்டிருந்து ரிங்கு வரலைன்னு தவிச்சு, எந்திரிச்சுக் கிந்திரிச்சு, மறுக்க பாத்ரூம்ல விழுந்துட்டீகளோன்னு... அதான் விடிஞ்சதும் ஓட்டமா எறங்குனேன்."

"மறுக்கவா?" என்றேன்.

"போன தடவ விழுந்து கெடந்தீகளாமே. மருந்துக்கடைத் தம்பி சொல்லிச்சு. போடியில ஒரு நர்சம்மா, ஊருக்கே பாத்தவுக, இப்ப அவுகளப் பாக்க ஆளில்ல, ஒத்தையில கெடக்காக, ரோசக்காரி, உதவின்னு கேக்க மாட்டாக, நீங்க தெனம் ரெண்டு ரிங்கு விட்டுப் பாருங்க, திருப்பி வந்துச்சுன்னா நல்லா இருக்காகன்னு அர்த்தம்னு சொல்லிச்சு."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளா? அதுவும் இவளா? இரண்டு வருஷமாகத் தலை வாரி உட்கார்ந்தது, கல்யாண வீடுகளில் டியூட்டி என்று பீற்றிக்கொண்டது எல்லாம் கண் முன்னால் வந்து பல்லை இளித்தது. அந்த மருந்துக்கடை ஆள் மட்டும் அங்கே நின்றிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவன் இல்லை, இவள்தான் இருந்தாள். இவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடி கோட்டிக்காரி, பார்த்துக்கொண்டது நான், பார்க்கப்பட்டவள் நீ, இதோ உனக்கு பிரஷர் பார்க்கிற கருவிகூடப் பையில் இருக்கிறது என்று எடுத்துப் பெஞ்சில் வைக்க வேண்டியதுதான். பையின் ஜிப்பில் கை வைத்தேன்.

அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"சொன்னாச் சிரிக்காதீகக்கா. கீழ எல்லாரும் ஊருக்கு என்னென்னமோ செய்யுறாக, மரம் நடுறாக, ரத்தம் குடுக்காக. மாத்திரை கொண்டாற ஜீப்புக்காரர் போன்ல போட்டோவாக் காட்டுவாரு. மலை மேல ஒத்தையில கெடக்கறவ என்னத்தச் செய்ய? எம்மக்களுக்கே நான் ஒரு சோலிக்கும் ஆகலன்னு இருந்தேன். இந்தத் தம்பி இதக் குடுத்தப்ப அப்பாடான்னு இருந்துச்சு. மழையோ பனியோ, சாயங்காலம் ஆச்சுன்னா பாறையில ஏறிருவேன். எனக்குன்னு கீழ ஒரு உசுரு இருக்குல்ல."

அது என் வார்த்தை. நான் எனக்குள்ளே தினமும் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை, அவள் வாயிலிருந்து வந்தது. நான் ஜிப்பைத் திறந்தால் அவளுக்கு அது போய்விடும். திறக்காவிட்டால் எனக்குப் போய்விடும். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தோம், அந்தச் சொல் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"பையில என்னக்கா, இம்புட்டுக் கனமா?"

அவள் காலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. அட்டைக்கடி அப்படித்தான், வழிந்துகொண்டே இருக்கும். பஞ்சு என் கைக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. இத்தனை வருஷத்தில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருந்ததே இல்லை.

"மாத்துச் சேலை" என்றேன். ஜிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஆமா, இந்த மழையில இங்கிட்டு எங்க வந்தீக?"

"உன்னப் பாக்கத்தான் தாயி. நான் விழுந்து கெடந்தவதான். ரெண்டு வருசமா தெனமும் என்னய விசாரிக்கிற. ஒரு தடவயாச்சும் நேர்ல வந்து உன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் என் கண்ணில் கொஞ்சம் கோபமும் கலந்திருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் கொஞ்சம் டீத்தூள் வாங்கித் தன் கடிவாயில் தானே அப்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திருக்கிறேன், அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது போலக் கஷ்டமாக எதையும் செய்ததில்லை.

பிறகு அவள் எனக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தாள். அடேயப்பா! உப்பைக் குறைக்க வேண்டுமாம், குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாதாம், ஈரத்தரையில் ஓட்டமாக நடக்கக் கூடாதாம். நான் ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாள். "சரி தாயி, சரி தாயி" என்று தலையை ஆட்டினேன். பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து தன் தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"இதக் கொண்டு போயி பாத்ரூம் வாசல்ல விரிங்க. வழுக்காது."

"உனக்கு மழை?"

"ஸ்டோர்ல சாக்குக்கா பஞ்சம்? நீங்க வாங்க, வெரசா."

பஸ்சுக்கும் கடைக்கும் நடுவில் சேறு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், காலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனாள். வார்டில் ஆப்பரேஷன் ஆனவர்களை நான் நடத்துகிற அதே பிடி. பிடிக்கிற பக்கத்திலிருந்துதான் எனக்கு அதைத் தெரியும். பிடிபட்ட கைக்கு அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது. பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் நனைந்தபடி பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள், மேகம் முதலில் தலையையும் பிறகு காலையும் வாங்கிக்கொண்டது.

போடியில் இறங்கி நேரே மருந்துக்கடைக்குப் போனேன். சாக்கு கக்கத்தில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்ததுமே கல்லாவுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தார்.

"யாருய்யா ரோசக்காரி?"

"அக்கா, நான் பொய் சொல்லல. ரெண்டு பேருக்கிட்டயும் நெசத்தத்தான் சொன்னேன். ஆளுக்குப் பாதி."

"எத்தனை பேருய்யா இப்படி ஊருக்குள்ள?"

அவர் கடைத்தெருவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழை விட்டு, ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். இவர்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

"அவகிட்ட வாயத் திறந்த, கடைய நொறுக்கிருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாக்கைக் குளியலறை வாசலில் விரித்தேன். ஏலக்காயும் புகையும் கலந்து வீடு முழுக்க வாசனை எழுந்தது. மேலே டவர் சரியாக மேலும் ஒரு நாள் ஆயிற்று. அது சரியான சாயங்காலம் நான் முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. எண்ணெய் தடவிய முட்டியை நீட்டிக்கொண்டு, பழைய சேலையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஊருக்கு மேலே வெளிச்சம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. போன் இரண்டு முறை அடித்து நின்றது. பாறை மேல் ஒருத்தி போனைக் காதருகே வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று இரண்டு ரிங்கு விட்டேன்.